லைனுக்கு வெளியே: இரண்டாம் பிரிவைப் பற்றி வாசகர் கேட்டவை

ஜேர்மன் உதைபந்தாட்டத்தின் பெரிய கழகமான பயேர்ன் மியூனிக்கும் ஒரு காலத்தில் இரண்டாம் பிரிவில் ஆடிய கழகம்தான் என்று போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகளே இந்த முறை பையை நிறைத்துவிட்டன. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு வைத்துவிட்டு, இந்தப் பக்கங்களை மேற்கு ஜேர்மனியின் பழைய பிராந்திய லீக்குக்கே கொடுக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த விசயம், கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பயேர்ன் இரண்டாம் பிரிவில் ஆடியது என்று நீங்கள் எழுதியதை ரியூசனில் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. உண்மைதானா அண்ணா?
உயர்தர மாணவன், கிண்ணியா

பதில்: உண்மைதான் தம்பி, தாராளமாகச் சொல்லுங்கள். 1963 வரை மேற்கு ஜேர்மனியில் நாடு முழுவதுக்கும் ஒரே லீக் என்று ஒன்று இருக்கவில்லை. வடக்கு, மேற்கு, தென்மேற்கு, தெற்கு, பெர்லின் என்று ஐந்து பிராந்தியங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மேல் லீக், பருவம் முடிந்ததும் அவற்றில் முன்னால் நின்ற அணிகள் தங்களுக்குள் மோதி நாட்டின் சம்பியனைத் தீர்மானிக்கும். பிறகு 1963 ஆகஸ்ட் 24ஆம் திகதி, 16 கழகங்களோடு நாடு முழுவதுக்குமான ஒரே மேல் லீக்காகப் புண்டஸ்லீகா தொடங்கியது. சரி, மிச்சக் கழகங்கள் எங்கே போவது? அவற்றுக்காக அதே ஐந்து பிராந்தியங்களிலும் இரண்டாம் பிரிவாக வைக்கப்பட்டதுதான் ரெகியோனால்லீகா, அதாவது பிராந்திய லீக்.

பயேர்ன் அந்த 16க்குள் வரவில்லை. ஒரே நகரத்திலிருந்து இரண்டு கழகங்களை எடுப்பதற்கு ஜேர்மன் உதைபந்தாட்டச் சங்கம் விரும்பவில்லை. அந்த வருடம் தெற்குச் சம்பியன் 1860 மியூனிக், எனவே மியூனிக்கின் இடம் அவர்களுக்குப் போனது. பயேர்ன் கீழே நின்றது. நின்ற இடத்தில் என்ன செய்தார்கள் என்பதுதான் முக்கியம். வெளியிலிருந்து பெரிய வீரர்களை வாங்கக் கையில் காசு இல்லை, ஆகவே இளம் பிள்ளைகளை ஆட வைத்தார்கள். 1964 ஜூன் 6ஆம் திகதி, மேலே ஏறுவதற்கான சுற்றில் சென் பவுலி அணிக்கு எதிராக 18 வயதுப் பொடியன் ஒருவனை இறக்கினார்கள், அவன் பெயர் ஃபிரான்ஸ் பெக்கன்பவர். அந்த முறை மேலே ஏற முடியவில்லை, நொய்ன்கிர்ஷன் என்ற சிறிய ஊரின் கழகம் முந்திவிட்டது. அதே கோடையில் நோர்ட்லிங்கன் என்ற சிற்றூரிலிருந்து இன்னொரு 18 வயதுப் பையன் வந்து சேர்ந்தான், கேர்ட் முல்லர். அடுத்த பருவத்தில் தெற்குப் பிராந்திய லீக்கில் 36 ஆட்டங்களில் பயேர்ன் போட்ட கோல் 146. 1965இல் மேலே ஏறினார்கள். 1974 உலகக் கிண்ண இறுதிப்போட்டி மியூனிக்கில் நடந்தபோது மேற்கு ஜேர்மனியின் அணித்தலைவர் பெக்கன்பவர், வெற்றிக் கோலைப் போட்டவர் முல்லர். இரண்டு பேரும் பிராந்திய லீக்கில் தேறி வந்த பிள்ளைகள்.

இன்னொன்றையும் நண்பர்களுக்குச் சொல்லுங்கள். அதே 1965இல் மேற்குப் பிராந்தியத்திலிருந்து ஏறிய கழகம் மொன்ஷன்கிளாட்பாக். எழுபதுகளில் ஐந்து தடவை ஜேர்மன் சம்பியனான கழகம் அது.

கேள்வி: நான் பிறந்தது பாலையூற்றில், இப்போது குடும்பத்தோடு பெர்லினில் இருக்கிறேன். இங்கே கூட வேலை செய்யும் முதியவர்கள் மோசமான அணி என்றாலே "டாஸ்மேனியா" என்கிறார்கள். அந்தக் கதை என்ன? ஐந்து லீக்கிலிருந்து இரண்டு அணி மட்டும் மேலே போவது எப்படி நடந்தது?
வாசகர், பெர்லின்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் சொல்கிறேன். ஒவ்வொரு பிராந்தியத்திலும் சம்பியனும் இரண்டாம் இடமும் வந்தவர்கள் வருட முடிவில் ஒரு தனிச் சுற்றில் ஆடுவார்கள். பெர்லினுக்கு ஆரம்பத்தில் ஒரு இடம்தான், பிற்காலத்தில் அதற்கும் இரண்டாகி, ஐந்து ஐந்து அணிகளாக இரண்டு குழுக்கள் வந்தன. குழுவில் முதலாவதாக வருபவர் மட்டும் மேலே. ஒன்பது மாதம் லீக்கில் எல்லோரையும் அடித்து முதலாவதாக வந்தாலும், கடைசிச் சில கிழமைகளில் இரண்டு ஆட்டம் சறுக்கினால் எல்லாம் போச்சு. அது நியாயமான முறை என்று எனக்குத் தோன்றவில்லை, சம்பியன் என்றால் நேரே ஏற வேண்டும்.

இனி டாஸ்மேனியா. 1965இல் பெர்லினின் ஹேர்த்தா கழகம், வீரர்களுக்கு விதிக்கு மீறிக் காசு கொடுத்ததற்காகப் புண்டஸ்லீகாவிலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் மேற்கு பெர்லின் அப்போது சுற்றிவரச் சுவரும் வேலியுமாக நின்ற நகரம், அங்கிருந்து ஒரு கழகமாவது மேல் லீக்கில் இருக்க வேண்டும் என்று அரசியல் காரணத்துக்காக முடிவெடுத்தார்கள். பெர்லின் பிராந்தியச் சம்பியன் ஏற்கெனவே அந்தத் தனிச் சுற்றில் தோற்றுவிட்டது, இரண்டாம் இடத்துக் கழகம் வேண்டாம் என்றது, மூன்றாவதாக நின்ற டாஸ்மேனியாவுக்குக் கதவு திறந்தது. பருவம் தொடங்க இரண்டு கிழமைதான் இருந்தது, விடுமுறையில் போயிருந்த வீரர்களைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள்.

முதல் ஆட்டத்தில் 80,000க்கு மேல் சனம் வந்தது, கார்ல்ஸ்றூவை 2-0 என்று வென்றார்கள். அந்த மாலை அந்த வீரர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். அதற்குப் பிறகு 31 ஆட்டங்கள் தொடர்ச்சியாக வெற்றி இல்லை. 34 ஆட்டங்களில் 2 வெற்றி, 4 சமநிலை, 28 தோல்வி, போட்டது 15 கோல், வாங்கியது 108. 1966 ஜனவரியில் மொன்ஷன்கிளாட்பாக்குக்கு எதிராக ஆடியபோது அந்தப் பெரிய ஒலிம்பிக் அரங்கில் இருந்தது 827 பேர். 1973இல் கழகம் கடனில் முறிந்தது.

அந்த முதியவர்கள் பெயரை எடுத்தால் சிரிக்காதீர்கள் அண்ணா. தங்களுக்குரிய லீக்கில் ஒழுங்காக ஆடிக்கொண்டிருந்தவர்களை, ஆயத்தம் செய்ய நேரமும் கொடுக்காமல் மேலே தூக்கி வைத்தது வேறு ஆட்கள். பழி மட்டும் இன்றைக்கும் அவர்கள் தலையில்.

கேள்வி: நாங்கள் சின்ன மீன்பிடி ஊர். பெரிய கழகங்களுக்கு நடுவே ஒரு கிராமத்துக் கழகம் எங்கேயாவது தலை எடுத்திருக்கிறதா, அல்லது இதெல்லாம் நகரத்து ஆட்களுக்கு மட்டுமா?
பாடசாலை ஆசிரியர், குச்சவெளி

பதில்: எடுத்திருக்கிறது சேர். அல்சன்போர்ன் என்று ஒரு கிராமம், கைசர்ஸ்லவுட்டர்ன் நகரத்துக்குப் பக்கத்தில். சர்க்கஸ் குடும்பங்கள் குளிர்காலத்தில் வந்து தங்கும் ஊர் என்றுதான் அதற்கு முன்பு அதன் பெயர் வெளியில் தெரியும். 1954இல் மேற்கு ஜேர்மனி உலகக் கிண்ணத்தை வென்றபோது தலைவராக இருந்த ஃபிரிட்ஸ் வால்ட்டர் ஆட்டத்தை விட்ட பிறகு அந்தக் கிராமத்தில் வந்து வீடு கட்டிக் குடியிருந்தார். ஊர்க் கழகத்துக்குக் கை கொடுத்தார். கீழ்ப் பிரிவுகளிலிருந்து ஒவ்வொன்றாக ஏறி வந்த கழகம், தென்மேற்குப் பிராந்திய லீக்கில் 1968, 1969, 1970 என்று மூன்று வருடம் தொடர்ச்சியாகச் சம்பியன். நினைத்துப் பாருங்கள், ஊர்ச் சனத்தை முழுவதாகக் கூட்டினாலும் எதிரணியின் மைதானத்தில் ஒரு பக்கப் படிக்கட்டை நிரப்ப முடியாது.

மூன்று தடவையும் மேலே ஏறும் சுற்றில் தவறவிட்டார்கள். 1969இல் அவர்களுடைய நட்சத்திரம் லோரன்ஸ் ஹோர் ஹேர்த்தாவுக்குப் போய்விட்டார். இதெல்லாம் ஆட்டத்தில் நடப்பதுதான், மனசு ஆறிவிடும். ஆறாதது 1974இல் நடந்தது. பிராந்திய லீக்குகளைக் கலைத்துவிட்டு, வடக்கு தெற்கு என்று தலா 20 கழகங்களோடு இரண்டாம் புண்டஸ்லீகா தொடங்குகிற வருடம் அது. முந்தைய வருடங்களின் இடங்களைக் கூட்டிப் பார்த்ததில் அல்சன்போர்னுக்கு இடம் உண்டு. ஆனால் அரங்கு போதாது, பண வசதி போதாது என்று சொல்லி உரிமத்தை மறுத்தார்கள். அந்த இடம் பக்கத்துப் பெரிய நகரமான சார்புரூக்கனுக்குப் போனது. அந்தக் கிராமத்துக் கழகம் அதற்குப் பிறகு அந்த உயரத்தை எட்டவே இல்லை.

அரங்குக்கு விதி வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. மழை வந்தால் ஒதுங்க இடமில்லாத மைதானத்துக்கு ஆயிரக்கணக்கில் சனத்தைக் கூப்பிட முடியாது. ஆனால் அந்த விதியை மூன்று வருடம் முன்னாலேயே சொல்லி, படிப்படியாகக் கட்டுவதற்கு அவகாசமும் ஒரு கை உதவியும் கொடுத்திருக்கலாமே? உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னால், 1974ஐ மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள், அந்த மூன்று சம்பியன் பட்டங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: அந்தக் காலத்தில் ஜேர்மனியில் பெண்களுக்கு லீக் இருந்ததா?
வாசகி, உவர்மலை

பதில்: இருக்கவில்லை தங்கச்சி. இருக்க விடவில்லை. 1955இலிருந்து 1970 ஒக்டோபர் வரை, தன் கீழ் உள்ள கழகங்கள் பெண்களுக்கு மைதானம் கொடுக்கக்கூடாது என்று ஜேர்மன் சங்கமே தடை போட்டிருந்தது. பெண்கள் அதையும் மீறிக் கிடைத்த இடத்தில் ஆடினார்கள். 1990இல் பெண்கள் புண்டஸ்லீகா தொடங்கியபோது அதுவும் வடக்கு தெற்கு என்று இரண்டு பிராந்தியமாகத்தான் தொடங்கியது, 1997இல் ஒன்றாக்கினார்கள்.

கேள்வி: 1971இல் ஜேர்மனியில் ஆட்டங்களை விற்றார்கள் என்று அப்பா சொல்வார். இவ்வளவு ஒழுங்கான நாட்டில் அது எப்படி நடந்தது?
முச்சக்கரவண்டிச் சாரதி, திருகோணமலை நகரம்

பதில்: அப்பா சொன்னது சரி. 1971 ஜூன் 6ஆம் திகதி ஒஃபன்பாக் கழகத்தின் தலைவர் கனேலாஸ் தன்னுடைய 50ஆவது பிறந்தநாள் விருந்துக்கு வந்தவர்களுக்கு நடுவே ஒரு ஒலிநாடாவைப் போட்டார், அதில் வீரர்கள் காசுக்குப் பேரம் பேசுகிற குரல்கள் இருந்தன. விசாரணை வருடக்கணக்கில் இழுத்தது, 50க்கும் மேற்பட்ட வீரர்கள் தண்டிக்கப்பட்டார்கள், கனேலாசும் தப்பவில்லை.

ஆனால் பேராசை மட்டும் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அதில் சிக்கிய கழகங்களைப் பாருங்கள், பீலஃபெல்ட், ஒபர்ஹவுசன், ஒஃபன்பாக், எல்லாம் கீழே விழும் விளிம்பில் நின்றவை. விழுந்தால் போய்ச் சேரும் இடம் பிராந்திய லீக், அங்கே வாசல் வசூலும் வீரர் சம்பளமும் பல மடங்கு குறைவு, திரும்பி ஏறும் வழியோ நான் மேலே சொன்ன அந்த ஊசிக்காது வழி. நூரம்பேர்க் கழகம் 1968இல் நாட்டின் சம்பியன், 1969இல் கீழே விழுந்தது, திரும்பி வர 1978 வரை எடுத்தது. இதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த மற்றக் கழகங்களுக்கு எவ்வளவு பயம் இருந்திருக்கும்? மாடியிலிருந்து இறங்கப் படிக்கட்டே இல்லை, குதிக்கத்தான் வேண்டும் என்றால் ஆட்கள் எதையும் செய்வார்கள். அந்தப் படிக்கட்டாகத்தான் 1974இல் இரண்டாம் புண்டஸ்லீகா வந்தது, 1981இல் வடக்கும் தெற்கும் சேர்ந்து ஒரே பிரிவானது. செய்தது குற்றம்தான், தண்டனையும் சரிதான், ஆனாலும் அந்த இடைவெளியை அப்படியே விட்டிருந்தால் தண்டனையால் மட்டும் ஒன்றும் மாறியிருக்காது.

கேள்வி: ரெகியோனால்லீகா இப்போதும் இருக்கிறதா?
வாசகர், சாம்பல்தீவு

பதில்: இருக்கிறது. பெயர் மட்டும் அதே பெயர், 2008இலிருந்து அது நான்காம் பிரிவு. இப்போதும் ஐந்து பிராந்தியம்தான், ஐந்து சம்பியன்களுக்கு மேலே இருப்பது நான்கு இடம்தான். அந்தப் பழைய வழக்கு அறுபது வருடமாகியும் தீரவில்லை.

கேள்வி: எங்கள் கழகம் வருடத்துக்கு ஆறேழு ஞாபகார்த்தக் கிண்ணங்களில் ஆடுகிறது, சிலதை வென்றும் இருக்கிறோம். ஆனால் வெளி மாவட்டத்துப் பெரிய அணியோடு முழு ஆட்டம் ஆடினால் 60ஆவது நிமிடத்தோடு பிள்ளைகள் களைத்துவிடுகிறார்கள். குறை எங்கே? நீங்கள் சொல்லும் ஜேர்மன் கதையில் எங்களுக்கு ஏதாவது இருக்கிறதா?
கழகச் செயலாளர், மூதூர்

பதில்: இந்தக் கடிதத்துக்காகத்தான் இந்த மாதம் முழுவதையும் இந்த விசயத்துக்கு ஒதுக்கினேன் செயலாளர்.

குறை பிள்ளைகளில் இல்லை. ஞாபகார்த்தக் கிண்ணம் என்பது நல்ல விசயம், ஒரு மனிதரின் நினைவு ஊரில் நிற்கிறது, சனம் கூடுகிறது. ஆனால் அது தோற்றவர் உடனே வெளியேறும் விலகல் முறை, நேரத்தைச் சுருக்கி ஆடுவது, பல இடங்களில் ஏழு பேர் ஒன்பது பேர் கொண்ட அணி. 16 அணிகள் வந்தால் மொத்தம் 15 ஆட்டம், அதில் எட்டு அணி ஒரே ஆட்டத்தோடு பஸ் ஏறிவிடும். இதே இடத்தில் எட்டுக் கழகங்கள் சேர்ந்து, ஒருவர் மைதானத்தில் ஒன்று, மற்றவர் மைதானத்தில் ஒன்று என்று லீக் ஆடினால் 56 ஆட்டம், ஒவ்வொரு கழகத்துக்கும் 14. தோற்றாலும் அடுத்த கிழமை ஆட்டம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் பயிற்றுவிப்பாளர் ஒரு 17 வயதுப் பிள்ளையை இறக்கிப் பார்ப்பார். கிண்ணத்தில் அவரால் அது முடியாது, அங்கே ஒரு பிழை விட்டால் வீட்டுக்குப் போக வேண்டும். 60ஆவது நிமிடத்துக்குப் பிறகு மூச்சை எப்படிப் பங்கிடுவது என்பதைப் பயிற்சியில் ஓடி ஓடிக் கற்க முடியாது, 90 நிமிட ஆட்டங்களைக் கிழமைக்குக் கிழமை ஆடித்தான் கற்க முடியும்.

ஜேர்மன்காரர் பிராந்தியமாகப் பிரித்ததன் காரணம் தூரமும் செலவும். வீரர்களில் பலர் பகலில் வேறு வேலை செய்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஆடிவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும். நமக்கும் அதே கணக்குத்தான். திருகோணமலையிலிருந்து கொழும்பு 250 கிலோமீற்றருக்கு மேல், மட்டக்களப்பே ஏறக்குறைய 130. வான் வாடகை, சாப்பாடு என்று ஒரு தடவை போய்வரும் செலவில் நமக்குள்ளே எத்தனை ஆட்டம் ஆடலாம். நகரப் பக்கம், கிண்ணியாப் பக்கம், மூதூர்ப் பக்கம் என்று மூன்று சிறு பிரிவு, ஒவ்வொன்றிலும் ஆறு கழகம் என்றாலும் ஆளுக்கு 10 ஆட்டம் வந்துவிடும். சம்பியன்கள் நேரே மேல் பிரிவுக்கு, தனிச் சுற்று ஒன்றும் வேண்டாம்.

நான் இளம் வயதில் நகரத்துக் கழகம் ஒன்றின் இரண்டாம் அணிக்கு இடது பின்களத்தில் ஆடியவன். கிண்ணியாவில் ஆட்டம் என்றால் துறையில் பாதைக்கு, அதாவது ஆட்களை அக்கரை சேர்க்கும் மிதவைக்கு, காத்திருந்து போவோம், திரும்பிவரப் பாதை கிடைக்குமோ என்ற பதற்றத்தில் இரண்டாம் பாதி முழுக்க ஒரு கண் கடல் பக்கம் இருக்கும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அந்தப் பயம் இல்லை, இன்றைக்கு மாலை நான்கு மணி ஆட்டத்துக்கு மதியம் சாப்பிட்டுவிட்டுப் புறப்படலாம். அந்தக் காலத்திலேயே ஆடியவர்கள் நாங்கள், இப்போது ஆடாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

காலத்தை மட்டும் கவனமாகப் பாருங்கள். நொவம்பர் தொடங்கி ஜனவரி வரை மாரி, மைதானம் குளமாகிவிடும். நோன்பு மாதத்தில் மாலை ஆட்டம் வைத்தால் உங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் கிண்ணியாப் பிள்ளைகளுக்கும் அது அநியாயம், அந்த மாதத்தை வெறுமையாக விடுங்கள். மிச்ச மாதங்களில் 14 சனி ஞாயிறு கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை.

இன்னொன்று, மனவருத்தத்தோடு சொல்கிறேன். நான் ஆடிய அந்தக் கழகம் ஒரு பெரிய கிண்ணத்துக்காகக் கடன்பட்டு வெளியூர் வீரர்கள் ஐந்து பேரை இறக்கியது. அரையிறுதியில் தோற்றோம். அந்தக் கடனை அடைக்க இரண்டு வருடம், அதற்குள் எங்கள் 15 வயது அணி சிதறிப் போனது. பயேர்னுக்குக் கையில் காசு இல்லாத வருடத்தில்தான் பெக்கன்பவர் உள்ளே வந்தார். உங்கள் கழகத்தில் சிறுவர் அணி இருந்தால், முதல் காசை அவர்களுக்கு ஒரு நல்ல பந்து வாங்கச் செலவழியுங்கள்.

கேள்வி: என் மகன் இரண்டாம் பிரிவுக் கழகம் ஒன்றில் விளையாடுகிறான். அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை. பின்னேரம் முழுக்க மைதானத்தில். நிறுத்தச் சொல்லலாமா?
ஒரு தாய், திருகோணமலை

பதில்: நிறுத்த வேண்டாம் அம்மா, நேரத்தை மட்டும் பேசி முடிவு செய்யுங்கள். கிழமையில் மூன்று பின்னேரமும் ஆட்ட நாளும் போதும், மற்ற நாட்களில் புத்தகம். கேர்ட் முல்லர் நெசவுத் தொழில் பழகியவர், பெக்கன்பவர் காப்புறுதி நிறுவனத்தில் வேலை பழகியவர், இரண்டு பேரும் அதோடு சேர்த்துத்தான் பந்து ஆடினார்கள். பயிற்றுவிப்பாளரிடம் நீங்களே போய்ப் பரீட்சைத் திகதியைச் சொல்லுங்கள், நல்ல பயிற்றுவிப்பாளர் என்றால் கடைசி இரண்டு மாதம் அவரே விடுப்புக் கொடுப்பார். அப்புறம், ஒரு சனிக்கிழமை ஏகாம்பரம் மைதானத்துக்கோ மக்கெய்சர் அரங்குக்கோ, எங்கே அவனுக்கு ஆட்டமோ அங்கே நீங்களும் வந்து இருந்து பாருங்கள். நாலரை மணிக்குப் பிறகு வெயில் தணிந்துவிடும்.